எர்ணாவூர் வீட்டில் நிற்கும் 1966 ஹெரால்டு: எதில் முதலில் கை வைப்பது?

எர்ணாவூர் பேரன்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று வீட்டில் நிற்கிறது. 1966 மாடல், இரண்டு கதவு, எம்எஸ் என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் நம்பர். எர்ணாவூரில் வீட்டை ஒட்டிய சந்தில் சிமென்ட் ஷீட் கூரை போட்டு வைத்திருக்கிறோம். தாத்தா இருந்தவரை ஞாயிற்றுக்கிழமையானால் ஸ்டார்ட் செய்து திருவொற்றியூர் கோயில் வரை ஒரு சுற்று போய் வருவார். அவர் போன பிறகு யாரும் தொடவில்லை. அப்புறம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம். எண்ணெய் கலந்த தண்ணீர் எங்கள் பக்கம் வந்தது பேப்பரில் எல்லாம் வந்ததே, அதேதான். சக்கரத்தில் பாதிக்கு மேல் நின்றது. அந்தக் கறுப்புக் கோடு இன்னும் கதவின் அடிப்பக்கத்தில் இருக்கிறது.

இப்போது இன்ஜின் சுற்றவில்லை. ஹேண்டில் போட்டுப் பார்த்தேன், அசையவே இல்லை. பிரேக் பெடல் அப்படியே கீழே போய்விடுகிறது. டிரைவர் பக்கத்து மிதியடியைத் தூக்கினால் தரை தெரிகிறது. கார் தரை இல்லை, சந்துத் தரை. பானெட்டும் மட்கார்டும் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் காந்தம் வைத்துப் பார்த்தால் சில இடங்களில் ஒட்டவில்லை.

டிங்கரிங் வேலை செய்யும் ஒருவர் வந்து பார்த்தார். ஓட்டைக்கு எல்லாம் தகடு வைத்து, பட்டி போட்டு, பெயிண்ட் அடித்துத் தருகிறேன், இன்ஜினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். கூட வந்தவர், இந்த இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு புதுப்பேட்டையில் மாருதி ஆம்னி வேனின் இன்ஜின் வாங்கி வைத்துவிடலாம் என்றார்.

என் ஆசையையும் சொல்லிவிடுகிறேன். பளபளப்பு இல்லாத சாம்பல் நிறம், அலாய் வீல், வண்டி கொஞ்சம் தாழ்ந்து நிற்க வேண்டும், முடிந்தால் ஏசி. கையில் மூன்று லட்சம் இருக்கிறது. வேலையை முடிந்தவரை வீட்டிலேயே நானே செய்ய வேண்டும் என்று விருப்பம். பைக் இன்ஜின் பிரித்துச் சேர்த்திருக்கிறேன், வெல்டிங் தெரியாது. அம்மா, காயலான் கடைக்குப் போட்டுவிட்டு அந்த இடத்தில் துணி உலர்த்தலாம் என்கிறார். அவரிடம் சொல்ல எனக்கு ஒரு நல்ல திட்டம் வேண்டும்.

---

வியாசை டாக்ஸி

ப்ரோ, உணர்ச்சிவசப்படாதீங்க. நான் பத்மினி கார் வைத்திருந்தவன், பழைய வண்டி வலி எனக்குத் தெரியும். அவர் சொன்ன ஆம்னி இன்ஜின்தான் சரி. ஸ்பேர் எங்கேயும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பான், மைலேஜ் கிடைக்கும். ஹெரால்டுக்கு ஒரு வாட்டர் பம்ப் தேடி நீங்கள் ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கும். பட்டி போட்டு, மேலே நீங்கள் சொன்ன சாம்பல் கலர் அடித்து, பீச் ரோட்டில் ஒரு ரவுண்டு விட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். உள்ளே என்ன இன்ஜின் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

---

பெரம்பூர் ஃபிட்டர்

தம்பி, நான் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். என்னிடமும் ஒரு ஹெரால்டு இருக்கிறது. வீட்டு வாசலிலேயே பிரித்து, வீட்டு வாசலிலேயே சேர்த்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த டிங்கரிங் ஆளை நிறுத்தி வையுங்கள். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவர் ஃபியட், அம்பாசிடர் பார்த்துப் பழகியவராக இருப்பார். அந்த வண்டிகளில் பாடிதான் எல்லாம். தனி சேசிஸ் கிடையாது. ஹெரால்டு அப்படி இல்லை. லாரிக்கு இருப்பதுபோல் தனியாக ஒரு சேசிஸ், அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். பானெட்டும் இரண்டு முன் மட்கார்டும் சேர்ந்து ஒரே பீஸாக முன்பக்கம் கவிழும், பார்த்திருப்பீர்கள். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலை பார்க்கலாம். இந்த வசதி வேறு எந்த இந்திய காரிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இதனால் உங்களுக்கு என்ன லாபம் என்றால், மிதியடிக்குக் கீழே தரை தெரிவது பயப்படுகிற விஷயமே இல்லை. அது தகடு, வெட்டிவிட்டுப் புதிதாக வைக்கலாம். கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற தகடும் இந்த வண்டியில் பாரம் தாங்குவதில்லை, போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். பயப்பட வேண்டியது சேசிஸுக்கு. வண்டியை நான்கு பக்கமும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள், செங்கல் அடுக்கியும் படுக்காதீர்கள். ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு, நடுவில் இன்ஜினிலிருந்து பின்பக்கம் வரை போகும் இரண்டு பெரிய ரயிலையும், அதாவது சேசிஸின் நீள இரும்புச் சட்டங்களையும், அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். கணீர் என்றால் சரி. சத்தம் மந்தமாக வந்தால் அங்கே ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். அப்புறம் அந்த ரயில்களிலிருந்து பக்கவாட்டில் கை நீட்டியதுபோல் போகிற தாங்கிகள். பாடி உட்காருவது அவற்றின் மேல்தான். சேறு தங்கி முதலில் போவதும் அவைதான். தாங்கி போயிருந்தால் புதிதாகத் தகடு மடித்து வெல்டு செய்துகொள்ளலாம். நடு ரயிலே மாவாக உதிர்ந்தால், அப்போது அம்மா சொல்வதைப் பற்றிப் பேசலாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டி என்பதால் இன்னொரு வேலை. அந்த ரயிலும் தாங்கியும் பெட்டி மாதிரி மூடிய தகடு. முகத்துவாரப் பக்கத்துத் தண்ணீரில் உப்பும் சேறும் உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். எத்தனை நாள் காய்ந்தாலும் அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், உள்ளிருந்தே தின்னும். வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, நல்ல தண்ணீர்க் குழாயை உள்ளே விட்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள். உங்கள் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மெட்ரோ தண்ணீர் பிடித்து வைத்து அலசுங்கள். பிறகு கம்ப்ரசர் காற்று, இரண்டு நாள் நல்ல வெயில். பெயிண்ட் எல்லாம் முடிந்த பிறகு அதே ஓட்டை வழியாக மெழுகு கலந்த துருத்தடுப்பு ஸ்ப்ரே அடிக்க வேண்டும். பலர் வெளியே கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். துருவுக்கு மேல் அடித்த அண்டர்கோட்டிங் துருவுக்குக் குடை பிடிக்கிறது, அவ்வளவுதான்.

இனி ஹெரால்டுக்காரர்கள் எல்லோருக்கும் நான் சொல்லிக்கொண்டிருக்கிற விஷயம். முன் சக்கரத்துக்குப் பின்னால், கீழே, ட்ரன்னியன் என்று ஒரு வெண்கலப் பாகம் இருக்கும். சக்கரத்தைத் தாங்கிச் செங்குத்தாக நிற்கும் தண்டு இந்த வெண்கலத்துக்குள் மரை போட்டு இறங்கியிருக்கும், ஸ்டியரிங் திருப்பும்போது அதற்குள் திரும்பும். அதற்கு கிரீஸ் போடக் கூடாது. கியர் ஆயில், 90 நம்பர், அதுதான் போக வேண்டும். கிரீஸ் மரைக்குள் கடைசிவரை போகாமல் மேலேயே காய்ந்து கட்டியாகிவிடும், கீழே தண்ணீர் புகுந்து தண்டு துருப்பிடித்து மெலியும். ஒரு நாள் திருப்பத்தில் தண்டு உடைந்து சக்கரம் வண்டிக்கு அடியில் படுத்துவிடும். நம் ஊரில் எண்பது சதவீதம், ஏன், எல்லா சர்வீஸ் ஸ்டேஷனிலும் கிரீஸ் கன்னைத்தான் வைத்து அடித்திருப்பார்கள். உங்கள் தாத்தா கவனமானவராக இருந்தாலும் சர்வீஸ் பையன் அடித்திருப்பான். அதனால் இரண்டு பக்கமும் கழற்றி, தண்டின் மரையைச் சுத்தம் செய்து, அரிப்பு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் மாற்றிவிடுங்கள். அலாய் வீலுக்கு வைத்திருக்கும் பணத்தை இதற்குக் கொடுங்கள்.

ஸ்பேனர் விஷயம். இது இங்கிலாந்து வடிவமைப்பு, போல்ட் எல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குலத் தலைக்கு 13 நம்பர் ஸ்பேனர் ஏறத்தாழ உட்காரும். அந்த ஏறத்தாழதான் ஆபத்து, மூலை தேய்ந்து உருண்டைக் கொண்டையாகிவிடும். பாரிமுனையில் செம்புதாஸ் தெருப் பக்கம் போய் 7/16, 1/2, 9/16 என்று ஏஎஃப், அதாவது அங்குல அளவு செட் கேட்டு வாங்குங்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தின நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டு வையுங்கள், அவசரப்படாதீர்கள்.

இன்ஜின் அசையவில்லை என்பதால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. நாலு பிளக்கையும் கழற்றி, ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் விடுங்கள். பீடி சிகரெட் பக்கத்தில் வேண்டாம். தினமும் கொஞ்சம் விட்டு, ஹேண்டிலை முன்னும் பின்னும் லேசாக அசைத்துப் பாருங்கள். கியரில் போட்டுத் தள்ளியோ கட்டி இழுத்தோ அசைக்க வேண்டாம். ரிங் ஒட்டியிருந்தால் பிஸ்டன் உடையும். ஆயில் சம்ப், கியர்பாக்ஸ், பின்பக்க டிஃப்ரன்ஷியல் மூன்றிலும் அடித் திருகைக் கழற்றி என்ன வருகிறது என்று பாருங்கள். மோர் நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. முதலில் தண்ணீர் தனியாகவும் வரலாம்.

இன்ஜின் சுற்ற ஆரம்பித்ததும் ஒரு சோதனை. ஒருவர் கிளட்சை மிதிக்கட்டும், நீங்கள் முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னே பின்னே நகர்ந்தால் உள்ளே த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அரைவட்டமாக இருக்கும் சின்ன வாஷர். அது விழுந்துவிட்டால் கிராங்க் பிளாக்கையே அறுக்கும். சம்பை இறக்கினால் கீழிருந்தே மாற்றலாம், பெரிய செலவில்லை.

ஆனால் இன்ஜினுக்கு முன்னால் பிரேக். ஓடாத வண்டியால் யாருக்கும் ஆபத்தில்லை. நாலு டிரம்மும், ஒரே ஒரு லைன். எங்கே கசிந்தாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் எல்லாம் கழற்றி, உள்சுவரில் குழி விழுந்திருந்தால் லேத்தில் ஸ்லீவ், அதாவது உள்ளே ஒரு உறை, போட்டுக்கொள்ளுங்கள். குழாய்களைப் புதிதாகவே போடுங்கள். பழைய லைனிங் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடையுங்கள்.

வியாசை நண்பருக்கு ஒரு வார்த்தை. ஹெரால்டின் 948 சிசி இன்ஜின் ஏறக்குறைய 35 குதிரைத்திறன். ஆம்னியின் 796 சிசி இன்ஜினும் அதே அக்கம்பக்கம்தான். இன்ஜின் மவுண்டை வெட்டி, கியர்பாக்ஸ் மாற்றி, டிரைவ் ஷாஃப்டை அறுத்து ஒட்டி, கடைசியில் அதே வேகத்தில் போக எதற்கு இவ்வளவு பாடு? ஸ்பேர் கிடைக்காது என்பதும் பாதி உண்மைதான். இது இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு. அங்கே இன்றைக்கும் ரப்பரிலிருந்து ட்ரன்னியன் வரை புதிதாகச் செய்து விற்கிறார்கள். கப்பல் செலவு கசக்கும், ஆனால் கிடைக்கும்.

---

பாரிமுனை ஃபைல்

இன்ஜின் மாற்றும் பேச்சு வந்ததால் காகித விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பலர் கடைசியில்தான் இதைக் கேட்கிறார்கள்.

ஆர்சி இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது என்று நினைக்கிறேன். முதலில் அதை வாரிசுப் பெயருக்கு மாற்ற வேண்டும். விற்பனைக்கு 30-ஆம் படிவம், உரிமையாளர் இறந்திருந்தால் 31-ஆம் படிவம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் தேவைப்படும். அத்தை, சித்தப்பா இருந்தால் இப்போதே பேசிக் கையெழுத்து வாங்குங்கள். வண்டி பளபளவென்று ஆன பிறகு கேட்டால் பங்கு கேட்பார்கள். தமாஷ் இல்லை, பார்த்திருக்கிறேன்.

வண்டி 1966 என்பதால் உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, சாதாரணப் பதிவையே புதுப்பிப்பது. 15 வருடத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம், 25-ஆம் படிவம், வண்டியை நேரில் காட்ட வேண்டும், பசுமை வரி உண்டு. 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக்கிவிட்டார்கள். பெட்ரோல் வண்டி 15 வருடத்தோடு சரி என்கிற பேச்சு டெல்லிப் பக்கத்து விஷயம், இங்கே சொந்தக் காருக்கு அது கிடையாது.

இரண்டாவது, விண்டேஜ் பதிவு. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதி. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றும் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000, மறுபதிவுக்கு 5,000, பத்து வருடம் செல்லும். நம்பரில் மாநில எழுத்துக்குப் பிறகு விஏ என்று வரும். ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ரேலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேருக்குக் கொண்டுபோவது என்று கணக்காகத்தான் சாலையில் இறங்கலாம். தாத்தா மாதிரி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் சாதாரணப் பதிவுதான் உங்களுக்குப் பொருந்தும்.

ஆம்னி இன்ஜின் வைத்தால் விண்டேஜ் கதவு மூடிவிடும். சாதாரணப் பதிவிலும் முன் அனுமதி இல்லாமல் இன்ஜினை மாற்ற முடியாது, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நிறம் மாற்றினாலும் ஆர்சியில் ஏற்ற வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

---

வியாசை டாக்ஸி

சரி சரி, ஆம்னி இன்ஜினை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஏசி இல்லாமல் மே மாதம் மணலி எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் இந்த வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள் ஃபிட்டர் ஐயா.

---

எர்ணாவூர் பேரன்

ஃபிட்டர் ஐயா, பாரிமுனை சார், இருவருக்கும் ரொம்ப நன்றி. இன்று காலை ஸ்க்ரூடிரைவரோடு அடியில் போனேன். நடு ரயில் இரண்டும் கணீர் என்றுதான் கேட்கிறது. இடது பக்கம் பின்னால் இருக்கும் தாங்கி குத்தினதும் உள்ளே போய்விட்டது, வலது பக்கம் முன்னால் ஒன்று சந்தேகம். டிஃப்ரன்ஷியல் திருகைக் கழற்றினேன், நீங்கள் சொன்னபடி முதலில் தண்ணீர், அப்புறம் மோர். ட்ரன்னியனில் கிரீஸ் நிப்பிள்தான் இருக்கிறது, அதைச் சுற்றிக் கல்லு மாதிரி கிரீஸ்.

ஆர்சி தாத்தா பெயரில்தான். அத்தை இரண்டு பேர். இருவருக்கும் இப்போதைக்கு அது துருப்பிடித்த தகரம், சீக்கிரம் கையெழுத்து வாங்கிவிடுகிறேன்.

என் ஆசைப் பட்டியலில் என்னென்ன மிஞ்சும்? கலர், வீல், தாழ்த்துவது, ஏசி. பெயிண்டை சந்திலேயே நானே அடிக்க முடியுமா?

---

பெரம்பூர் ஃபிட்டர்

நடு ரயில் நன்றாக இருக்கிறதா, அப்புறம் என்ன தம்பி, வண்டி பிழைத்துவிட்டது. தாங்கி வெல்டிங்கை நீங்கள் செய்ய வேண்டாம், கோடு வரைந்து தகடு வெட்டி வைத்துவிட்டு, சிஓ2 வெல்டிங் மெஷின் கொண்டுவரும் ஆளை ஒரு நாள் கூப்பிடுங்கள். வெல்டு வைப்பதற்கு முன் கதவு வாசலில் குறுக்கே ஒரு ஆங்கிள் கம்பியை போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பாடி அரை அங்குலம் தொங்கி, அப்புறம் கதவு மூடவே மூடாது. ஒரு நேரத்தில் ஒரு தாங்கியை மட்டும் வெட்டுங்கள். டேங்கை முன்பே கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும், காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட மோசம்.

உங்கள் பட்டியல். ஏசியை மறந்துவிடுங்கள். 35 குதிரையில் ஐந்தாறு குதிரையை கம்ப்ரசர் தின்றுவிடும், பழைய ரேடியேட்டர் தாங்காது, டைனமோ கொடுப்பதே இருபது ஆம்பியர் சுமார். அதற்குப் பதில் டைனமோவை ஆல்டர்னேட்டராக மாற்றுங்கள். இது நான் மனதார ஒப்புக்கொள்ளும் மாற்றம். பிராக்கெட் மட்டும் புதிதாகச் செய்து மாட்டலாம், எதையும் அறுக்க வேண்டாம், டைனமோவைத் துணியில் சுற்றி வைத்துவிட்டால் என்றைக்கும் திரும்ப மாட்டலாம். அதைச் செய்தால் ஹெட்லைட்டை ரிலே வைத்து ஹாலஜனாக்கலாம், வியாசை நண்பருக்காக டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சின்ன ஃபேனும் வைக்கலாம். பேட்டரி மாட்டுவதற்கு முன் எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருக்கும். பார்க்காமல் ஆல்டர்னேட்டரைக் கொடுத்தால் டயோடு புகைந்துவிடும்.

தாழ்த்துவது கூடவே கூடாது. பின்பக்கம் குறுக்கே ஒரே ஒரு இலைச் சுருள் (லீஃப் ஸ்பிரிங்), இரண்டு பக்கமும் தனித்தனியாக ஆடும் ஆக்சில். வளைவில் வேகமாகப் போய் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின் சக்கரம் உள்பக்கம் மடங்குகிற குணம் இதற்குப் பிறவியிலேயே உண்டு. வண்டியைத் தாழ்த்திச் சக்கரச் சாய்வைக் கலைத்தால் என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த ஆக்சில் நம் ஊர் ஆட்களுக்குப் பிடிக்காமல்தான் பின்னால் வந்த கெஸல் காரில் ஸ்டாண்டர்டு கம்பெனியே சாதாரண ஆக்சிலுக்கு மாறியது. உங்கள் இலைச் சுருள் இப்போதே தொய்ந்திருக்கும். அதைப் பிரித்து, வளைவு சரிசெய்து, இலைகளுக்கு நடுவே சுத்தம் செய்து போட்டால் வண்டி அழகாக நிமிர்ந்து நிற்கும்.

அலாய் வீலும் உட்காராது. ஹெரால்டுக்கு நாலு போல்ட்டும் 95.25 மில்லிமீட்டர் வட்டத்தில். கடையில் கிடைப்பதெல்லாம் 100 அல்லது 114.3. அடாப்டர் வைத்தால் சக்கரம் வெளியே தள்ளி நின்று அந்த ட்ரன்னியன் தண்டைத்தான் நெம்பும். பழைய 13 அங்குல இரும்பு வீலையே சுத்தம் செய்து, ரேடியல் டயர் போடுங்கள். 145 அகலம் போதும். 155 போட்டால் திருப்பும்போது உரசுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கலர் உங்கள் இஷ்டம். எனக்கு மேட் சாம்பல் பிடிக்காது, போர்க்கப்பல் மாதிரி இருக்கும், ஆனால் அது என் கண். கலர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அடியில் இருப்பதைத்தான் மாற்ற முடியாது. எர்ணாவூரில் கடல் காற்றில் வெறும் தகட்டை ஒரு ராத்திரி விட்டால் காலையில் செம்மண் நிறத்தில் இருக்கும். அதனால் முழு வண்டியையும் ஒரே நேரத்தில் சுரண்டாதீர்கள். போல்ட் போட்ட பாடி என்பதால் உங்களுக்கு வசதி, ஒரு கதவைக் கழற்றுங்கள், காலையில் சுரண்டுங்கள், பட்டி பெயர்ந்து தகடு தெரியட்டும், தின்னர் துணியால் துடைத்து அன்று மாலைக்குள் எபாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள். வெறும் தகட்டில் தண்ணீர் விட்டு உப்புத்தாள் தேய்க்கவே கூடாது. ரெட் ஆக்சைடு மலிவு, எல்லோரும் அடிப்பார்கள், ஆனால் அது ஈரத்தை உள்ளே விடும். பட்டி எபாக்சிக்கு மேல்தான் போக வேண்டும், தகட்டின் மேல் நேராக இல்லை. உங்கள் காந்தம் ஒட்டாத இடமெல்லாம் யாரோ துருவின் மேலேயே பட்டியை அப்பியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

சின்னப் பாகங்களுக்கு, கீல், பிராக்கெட், பம்பர் தாங்கி மாதிரி, துரு எடுக்க ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், வாஷிங் சோடா, பேட்டரி சார்ஜர் போதும். பாகத்தில் நெகட்டிவ், ஒரு பழைய இரும்புத் தகட்டில் பாசிட்டிவ். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு வைக்காதீர்கள், தண்ணீரில் குரோமிய விஷம் இறங்கும். குமிழி வருவது ஹைட்ரஜன், திறந்த வெளியில் வையுங்கள்.

மேல் கோட்டை சந்தில் அடிக்கலாமா என்றால், பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் அடிக்காதீர்கள். அதில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. கைக்குட்டை கட்டிக்கொண்டு அடித்தவர்கள் நெஞ்சில் ஆஸ்துமாவோடு திரிகிறார்கள். பக்கத்து வீட்டு ஜன்னலும் உங்கள் சந்தைப் பார்த்துத்தானே இருக்கும். பிரைமர் வரை ரோலர், பிரஷ் வைத்து நீங்களே செய்யுங்கள், எபாக்சி ஹார்டனரும் தோலில் படக் கூடாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கடைசிக் கோட்டுக்குப் பாகங்களைக் கழற்றி பெயிண்ட் பூத் உள்ள ஒரு ஷெட்டுக்கு அனுப்புங்கள். வீட்டிலேயேதான் அடிப்பேன் என்று பிடிவாதம் என்றால் பழைய என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் இருக்கிறது, நிறைய கோட், நிறைய பாலிஷ், அதற்கும் நல்ல முகமூடி வேண்டும். பிப்ரவரி மார்ச்சில், காலையில் பனி காய்ந்ததும் ஆரம்பித்து, கடல் காற்று ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் அடித்தால் ஈரத்தில் பால் பூத்தமாதிரி வெளுத்துவிடும்.

எர்ணாவூர்க்காரர் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இந்த ஹெரால்டு வண்டலூர்ப் பக்கத்தில் செய்தது. அதற்கும் முன்னால், 1949-இல், உங்கள் எண்ணூரிலேயே ஆஸ்டின் ஏ40 கார் கோத்து வெளியே விட்டார்கள். அசோக் மோட்டார்ஸ் என்று பெயர், லேலண்டு எல்லாம் அப்புறம் வந்தது. வடசென்னையில் கார் வேலை செய்வது ஒன்றும் புதிதில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். துணி உலர்த்த மொட்டை மாடியில் கொடி கட்டிக் கொடுத்துவிடுங்கள், அது முக்கியம்.

---

கொருக்குப்பேட்டை லேத்

ஃபிட்டர் அண்ணே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், லேத் பக்கம் மட்டும் நான்.

இன்ஜின் திறந்தால் உடனே ரீபோர், அதாவது சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்குவது, என்று ஓடாதீர்கள். அசல் துளை 63 மி.மீ. மேலே, கீழே, குறுக்கே என்று அளந்து தேய்மானம் தெரிந்த பிறகு முடிவு செய்யுங்கள். பிஸ்டன் முதலில் கையில் கிடைக்கட்டும், அதற்கு ஏற்றபடிதான் துளை போட வேண்டும், முதலில் துளையைப் போட்டுவிட்டு பிஸ்டன் தேடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். பழைய ஸ்டாக் ஓவர்சைஸ் செட் சில நேரம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் தூசி படிந்து கிடக்கும். தாத்தாவின் பெட்டியில் பழைய பில் ஏதாவது இருந்தால் எடுத்துப் போங்கள், முன்பே ஒருமுறை போர் ஆகியிருக்கலாம். இந்த வண்டிகளுக்கான பிஸ்டன் நம்ம செம்பியம் இந்தியா பிஸ்டன்ஸ் பெட்டியில் வந்தாலும் வரும், பெட்டியைப் பார்த்தால் விடாதீர்கள்.

ஹெட்டைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடினமான சீட் வளையம் போட்டுவிடுங்கள். இந்த ஹெட் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்தது, அந்தப் பெட்ரோல் 2000-இலேயே நின்றுவிட்டது, வார்ப்பிரும்பு சீட் மெதுவாகக் குழிந்துகொண்டே போகும். இப்போது பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வேறு. பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் மிதவை அறையின் பேக்கிங் எல்லாம் ஊறி விரியும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் வைக்காதீர்கள், அது காற்றிலிருந்து ஈரம் குடிக்கும், உங்கள் ஊரில் கேட்கவே வேண்டாம்.

வீல் சிலிண்டர் ஸ்லீவ் வேலை நான் செய்து தருகிறேன். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவாருங்கள், ரப்பர் கிட் கையோடு எடுத்துவாருங்கள், அளவு பார்த்துத்தான் போட வேண்டும்.

---

எர்ணாவூர் பேரன்

நன்றி அண்ணே. சனிக்கிழமை டிரம் கழற்றிவிட்டு வருகிறேன். அலாய் வீல் பணத்தை ட்ரன்னியனுக்கும் தண்டுக்கும் மாற்றியாயிற்று. ஃபிட்டர் ஐயா, இங்கிலாந்துக் கடையில் ஆர்டர் போடும்போது இடது, வலது தனித்தனியா?

---

பெரம்பூர் ஃபிட்டர்

தனித்தனிதான். ஒரு பக்கம் வலமரை, இன்னொரு பக்கம் இடமரை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே பாகத்தை அனுப்பிவிட்டால் திருப்பி அனுப்புங்கள், அடித்து நுழைக்கப் பார்க்காதீர்கள். வந்ததும் நிப்பிளுக்குப் பதில் அந்த ஓட்டையில் போடச் சின்னத் திருகும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நிப்பிளைப் பார்த்தால் அடுத்த மெக்கானிக் கிரீஸ் கன்னை எடுத்துவிடுவான்.